சும்மா வந்து நிற்காதீங்க!

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற ஆண்கள் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுப்படிக்குள் வந்து சும்மா நிற்காதீர்கள். வந்தால் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுங்கள். முடியாதென்றால் கூடத்திலேயே இருங்கள். நடு வழியில் நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன?" என்று எட்டிப் பார்க்கிறீர்களே, அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால், மதகு, ஷட்டர் என்றே அவர் காலம் போயிற்று. ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்றால் அப்புறம் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் ஜீப்பும் போனுமாகத்தான் அலைவார். பிள்ளைகள் படிப்பு, மாமியாருக்கு வைத்தியம், வீட்டு வாடகை, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் சீர் என்று அத்தனையும் என் தலையில்தான். பருப்பு ஏன் இவ்வளவு போட்டாய், பாத்திரத்தை ஏன் இங்கே வைத்தாய் என்று அன்றைக்கு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. 58 வயது முடிந்ததும் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் தமிழக அரசு ஓய்வு வயதை 2020-ல் 59 ஆக்கியது, 2021-ல் 60 ஆக்கியது. அந்த உத்தரவை ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் எண்ணியிருக்கிறேன்.

ரசம் வைப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். புளித்தண்ணீரின் பச்சை வாசனை போய், பருப்புத் தண்ணீர் விட்டு விளாவினால் ஓரத்தில் மெல்ல நுரை கட்டும். அது நடுவில் கூடி மேலே எழும்புகிற நேரம் அரை நிமிஷம்கூட இருக்காது. அந்த நேரத்தில் அடுப்பை அணைத்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடினால்தான் அது ரசம். கொதித்துவிட்டால் வாசனையெல்லாம் போய்விடும். அந்த அரை நிமிஷம் பார்த்துத்தான் இவர் வந்து நிற்பார். "ஏம்மா, இந்த சிலிண்டர் என்னிக்குப் போட்டது? போன தடவையைவிட நாலு நாள் முன்னாடியே தீர்ந்துடும் போல இருக்கே?" திரும்பிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரசம் தளதளவென்று கொதித்து அடுப்பில் வழிந்திருக்கும். பர்னரைத் துடைப்பதும் நான்தான். மத்தியானம் இலையில் உட்கார்ந்து, "ரசம் என்ன இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்பவரும் அவர்தான்.

அரிசிக்குத் தண்ணீர் வைப்பதிலும் கணக்குச் சொல்கிறார். பொன்னிக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று எங்கேயோ படித்திருக்கிறார். பழைய அரிசி என்றால் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், புது அரிசி என்றால் குழைந்துவிடும். மூட்டை பிரித்த அன்றைக்கு ஒரு பிடி வேகவைத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். இது காலமெல்லாம் கையால் அள்ளிப் போட்டு வந்த அறிவு. இதை எந்தப் பேப்பரில் எழுதி வைக்க?

ஒரு நாள் நான் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போய்விட்டு வருவதற்குள் அலமாரி முழுவதையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். டப்பாக்களை எல்லாம் உயர வரிசைப்படி அடுக்கி, வெள்ளைத் தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நித்தம் எடுக்கிற துவரம்பருப்பு மேல்தட்டுக்குப் போய்விட்டது. வருஷத்தில் ரெண்டு தடவை எடுக்கிற ஜவ்வரிசி கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை மேலே தூக்க முடியாமல் கிடந்த காலம் அது. ஒவ்வொரு தடவையும் முக்காலி போட்டு ஏற வேண்டும். "ஏங்க, பழையபடி வச்சுடுங்களேன்" என்றால், "எது எங்க இருக்குன்னு இப்பதாம்மா பார்த்த உடனே தெரியுது" என்கிறார். அவருக்குத் தெரிகிறது, சரி. எடுத்துச் சமைப்பவள் நான் அல்லவா?

டிவி சத்தம், ஃபேன் வேகம் பற்றியெல்லாம் நீட்டப் போவதில்லை, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவருக்கு ஃபேன் 5-ல் ஓட வேண்டும், எனக்கு 2-க்கு மேல் போனால் முழங்கால் குடையும். காது மந்தம் என்று ஒத்துக்கொள்ளாமல் டிவியை அலறவிடுகிறார். இதற்கெல்லாம் பழகிவிட்டேன். அடுப்படி விஷயத்துக்கு மட்டும் பழக முடியவில்லை.

பிரதோஷத்தன்று பெரிய கோவிலுக்குப் போவோம். நந்திக்கு அபிஷேகம் முடிந்து, கூட்டம் கலைந்ததும், புல்தரை ஓரமாக நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவோம். எல்லார் வீட்டிலும் இதே கதைதான். ஒருத்தி வீட்டுக்காரர் பேங்கில் இருந்தவர், காய் வாங்கப் போனால் பின்னாலேயே வந்து, இருபது வருஷமாக அவளுக்குக் காய் கொடுக்கிற அம்மாவிடம் ரெண்டு ரூபாய்க்குச் சண்டை போடுகிறாராம். இன்னொருத்தி வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, எது என்றைக்கு வைத்தது என்று விசாரணை நடக்கிறதாம். "காபி குடிச்சு ஒரு மணி நேரம்கூட ஆகலை, மறுபடியும் வந்து நிக்கிறாருக்கா" என்று சொல்லாதவர் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு தலைமை ஆசிரியை உண்டு. அவர் சொன்னதுதான் என் மனதில் அப்படியே நிற்கிறது. அவரும் அவர் கணவரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர்கள். ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி பென்ஷன். மறுநாளிலிருந்து சார் எட்டு மணிக்கு எழுந்து பேப்பர் படிக்கிறார், பூங்காவில் நடக்கிறார், நண்பர்களோடு சீட்டாடுகிறார். டீச்சருக்கோ, பள்ளிக்கூடம் போகிற நாளில் காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஓடினது போக, இப்போது மூன்று வேளையும் சுடச்சுட வேண்டுமாம். "நீதான் இப்ப வீட்டுல சும்மா இருக்கியே" என்றாராம். சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனுஷி. அவர் ஓய்வு பெற்றதன் பலனை அனுபவிப்பது யார் என்று சொல்லுங்கள்!

எங்கள் நாலைந்து பேருடைய புலம்பல் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. யார், எந்த வேலைக்கு, நாளைக்கு எத்தனை நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று கேட்டது. கூலி இல்லாத வீட்டு வேலையைச் செய்கிற பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செய்கிறார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு அது. அப்படிக் கை வைக்கிறவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் நூற்றுக்கு 81 பேர். சரி, காலம் மாறியிருக்கும் என்று பார்த்தால், 2024-ல் எடுத்த கணக்கில் பெண்களுக்கு 289 நிமிஷம், ஆண்களுக்கு 88. எங்கள் பாரத்தில் பத்து நிமிஷம் குறைந்தது. அதை வாங்கிக்கொண்டிருக்க வேண்டியவர்களும் ஒன்பது நிமிஷத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்.

2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரி பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னார். வீட்டில் இருக்கிற பெண் நிர்வாகம் பார்க்கிறாள், சமைக்கிறாள், வைத்தியம் பார்க்கிறாள், வரவு செலவு பார்க்கிறாள், அவளுக்கு விடுமுறை என்பதே கிடையாது என்பதை எல்லாம் எடுத்துச் சொல்லித்தான் அந்தத் தீர்ப்பை எழுதினார். அதைப் பேப்பரில் வாசித்துவிட்டு, இவர்தான் என்னைக் கூப்பிட்டு, "பார்த்தியா, உங்களுக்கெல்லாம் நல்ல காலம்" என்றார். எனக்குச் சொத்தில் பங்கெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அடுப்பைப் பார்க்காமல் இருக்க முடிந்தால் போதும்.

அவர் கஷ்டமும் எனக்குப் புரியாமல் இல்லை. நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்த போன் நின்றுவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்தால் கரையோரம் நின்று "சார், சார்" என்று கூப்பிட்டவர்கள் இப்போது புது சாரைக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்கும் காலையில் பேப்பர் வந்ததும் அவர் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். 120 அடியை எட்டிவிட்டது என்றால் முகமே மலர்ந்துவிடும். எத்தனை ஆயிரம் கனஅடி திறக்கிறார்கள், கல்லணைக்கு எப்போது வரும் என்று எனக்குச் சொல்வார், நானும் கேட்டுக்கொள்வேன். அப்படிப்பட்ட மனுஷருக்குத் திடீரென்று பார்க்க ஒன்றுமில்லை, பார்த்துத் திருத்த ஒருத்தருமில்லை என்றால், எதிரில் இருக்கிற அடுப்படிக்குத்தானே வருவார்? வரட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. மேற்பார்வைக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் என்னை உள்ளூர அரிக்கிறது.

என் அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது இவருக்குத் தெரியும், பெயரே எழுதி ஒட்டிவிட்டார். இவருடைய இரும்புப் பீரோவில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பென்ஷன் புத்தகம் எந்தப் பையில் இருக்கிறது, எந்தெந்த வங்கியில் எவ்வளவு போட்டிருக்கிறார், காப்பீட்டு அட்டை எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், உனக்கு எதுக்கு?" என்பார். இத்தனைக்கும் அன்பில்லாதவர் இல்லை. நான் சிரமப்படக் கூடாது என்று நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் சிரமம் எப்போது வரும் என்று அவர் யோசிக்கவே மாட்டேன் என்கிறார்.

எங்கள் தெருவிலேயே ரெண்டு வீட்டைப் பார்த்துவிட்டேன். ஒரு வீட்டில் சார் திடீரென்று போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் கருவூலத்துக்குப் போனேன். பென்ஷன் எண் தெரியாது, புத்தகம் கிடைக்கவில்லை. ஆதாரில் அந்த அம்மா பெயர் ஒரு மாதிரி, பென்ஷன் தாளில் வேறு மாதிரி. வங்கிக் கணக்கு சார் பெயரில் மட்டும் இருந்தது. ஏ.டி.எம். அட்டை கையில் இருந்தும் ரகசிய எண் யாருக்கும் தெரியாது. குடும்ப ஓய்வூதியம் அந்த அம்மாவுக்குச் சேர வேண்டியதுதான், சட்டப்படி உரிமை. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. அது கைக்கு வந்து சேருகிற வரைக்கும் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் நாளை ஓட்டினார். வாழ்க்கை முழுக்கக் கணவன் சம்பளத்தில் காலணா வீணாக்காத பெண்மணி அவர்.

இன்னொரு வீட்டில் அம்மா போய்விட்டார். சாருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. ரெகுலேட்டரை எப்படித் திருப்புவது என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். கொஞ்ச நாள் மருமகள் வந்து பார்த்தாள், அவளுக்கு வேலை சென்னையில். இப்போது மெஸ்ஸிலிருந்து கேரியர் வருகிறது. சர்க்கரை வியாதிக்காரர், மூன்று வேளையும் அதே சாதம், அதே குழம்பு. ஒரு நாள் வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: "அம்மா, மோர்க்குழம்புக்கு என்னென்ன அரைக்கணும்? அவ செய்யறதைப் பக்கத்துலயே நின்னு எத்தனையோ நாள் பார்த்திருக்கேன். ஆனா ஒண்ணுமே கவனிக்கலை."

அவர் அப்படிக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ரெண்டு பேரில் ஒருத்தர் முன்னால் போகத்தான் வேண்டும். அது நானா, அவரா என்று யாருக்கும் தெரியாது. நான் போனால் இவர் பசியோடு உட்கார்ந்திருப்பார். இவர் போனால் நான் கருவூலத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். இதைப் பேச்சில் எடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்று வாயை அடைத்துவிடுகிறார். நாங்கள் மணிக்கணக்கில் பேச வேண்டாம். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும்.

அதனால் இப்போது ஒன்று சொல்லிவிட்டேன். "ஏங்க, நீங்க அடுப்படிக்கு வர்றதுன்னா நாளைக்கு ரசம் நீங்கதான் வைக்கணும். நான் கூடத்துல உட்கார்ந்திருப்பேன். அதுக்குப் பதிலா, வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்து ஒவ்வொரு தாளா எனக்குக் காட்டணும்." ரொம்ப யோசித்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார். மறுநாள் ரசம் வைத்தார். பெருங்காயம் தூக்கலாக இருந்தது, உப்புக் குறைச்சல். ஆனால் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. நுரை கட்டுகிற நேரத்தில் யாராவது வாசலில் கூப்பிட்டால் எப்படிக் கோபம் வரும் என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் வெங்காயம் நறுக்கினால் பெரிசு பெரிசாகத்தான் இருக்கும். எண்ணெய் கூடத்தான் ஊற்றுவார். மேடையெல்லாம் ஈரமாக்குவார். பார்த்துக்கொண்டு இருங்கள், கரண்டியைப் பிடுங்காதீர்கள். "நீங்க விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதோடு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார், திரும்பி வரவே மாட்டார். அதே மாதிரி, பாஸ்புக்கை நீட்டினால் "எனக்கு ஒண்ணும் புரியாது" என்று தள்ளாதீர்கள். மாதம் முழுக்கப் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிற நமக்கு இது என்ன பெரிய விஷயம்?

ஆண்களுக்குச் சொல்வது இது. வங்கிக் கணக்கில் இன்றைக்கே மனைவி பெயரையும் சேருங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். பென்ஷன் தாளில் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் இருக்கும்போதே திருத்தி வாங்குங்கள். வருஷா வருஷம் உயிர்ச் சான்று கொடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், எந்த ஜன்னல், எந்த மேஜை என்று காட்டுங்கள். அப்படியே சோறு வடிக்கவும், ஒரு ரசம், ஒரு பொரியல் செய்யவும் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுப்படி உங்களுடையது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பீரோ திறந்தது. பாதித் தாள்தான் பார்த்திருக்கிறோம். மீதி அடுத்த வாரம்.